இருபத்தொரு வயதும் தந்தையின் இசைவும்: விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மணச் சட்டம்

விக்டோரியா 1837-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் அரியணை ஏறினார். பதினொரு நாள் கழித்து, ஜூலை 1-ஆம் நாள், அரசாங்கப் பதிவாளர் முன்னிலையில் திருச்சபையின் துணையின்றியே மணம் புரிந்துகொள்ளும் உரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பையும் இறப்பையும் அரசு பதிவு செய்யும் முறையும் அன்றே தொடங்கிற்று. ஆகவே 1837 முதல் 1901 வரை நீண்ட அவருடைய ஆட்சியை, மணம் என்பது கோயிலின் கையிலிருந்து அரசின் பதிவேட்டுக்கு மெல்ல இடம் பெயர்ந்த காலம் எனக் கொள்ளலாம்.

அக்காலத்து ஆங்கிலப் பெண் எந்த வயதில் மணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டால், சட்டம் இரண்டு விடைகள் தந்தது. முதல் விடை 12, ஆணுக்கு 14. திருச்சபையின் பழஞ்சட்டத்திலிருந்து பொதுச் சட்டத்துக்கு வந்து சேர்ந்த வயதுகள் இவை. விக்டோரியா காலம் முழுவதும் இவற்றை எவரும் மாற்றவில்லை. இரண்டாவது விடை 21. அவ்வயது நிரம்பாதவர் மணம் புரிவதற்குத் தந்தையின் இசைவு வேண்டும். பன்னிரண்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த இடைவெளியில் பெண்ணின் மணத்தை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு, எதற்காகத் தரப்பட்டது என்பதே ஆராயத்தக்கது.

இசைவு பற்றிய விதி விக்டோரியாவுக்கு முந்தியது. லார்டு சான்ஸலர் பதவி வகித்த ஹார்ட்விக் பிரபு 1753-இல் கொண்டுவந்த சட்டம் 1754 மார்ச் 25 முதல் செயற்பட்டது. இலண்டனில் பிளீட் சிறைச்சாலையைச் சுற்றிலும் கள்ளத் திருமணங்கள் வணிகம் போல நடந்துவந்ததைத் தடுப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். இனி மணம் கோயிலில்தான் நடத்தல் வேண்டும். ஒன்று மூன்று ஞாயிறுகளில் முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும், அல்லது உரிமச் சீட்டுப் பெறுதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. முன்னறிவிப்பைத் தமிழ்நாட்டுக் கிறித்தவர் ‘ஓலை வாசித்தல்’ என்பர். ஓலை வாசிக்கும்போது தந்தை எழுந்து மறுத்தால் அறிவிப்பு வீணாகிவிடும். உரிமச் சீட்டின் வழியாக மணக்கும் மைனருக்குத் தந்தையின் இசைவு முன்னதாகவே வேண்டும். இல்லையேல் மணமே செல்லாது.

உரிமச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஓலை வாசிப்பதற்கு ஆகும் செலவு சிறிது. ஊரார் முன்னிலையில் பெயர் படிக்கப்படுவதை விரும்பாத செல்வர்களே பெரும்பாலும் சீட்டை நாடினர். கடுமையான விதி அவர்களுக்கே விதிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். கூலியாளின் மகள் ஓலை வாசித்து மணந்தால், தந்தை வாய் திறந்து மறுக்காதவரையில் மணம் செல்லும். நிலக்கிழாரின் மகள் சீட்டு வாங்கி மணந்தால், தந்தையின் இசைவு இன்றேல் அது மணமே அன்று. காக்கப்பட்டது பெண்ணின் இளமையா, குடும்பத்தின் சொத்தா என்னும் ஐயத்துக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

அக்காலத்துச் சொத்துரிமையை நோக்கின் இது தெளிவாகும். மணமான பெண்ணின் அசையும் பொருள் அனைத்தும் கணவனுக்கே உரியதாகும். 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே இந்நிலை மாறியது. எனவே செல்வர் வீட்டுப் பெண்ணை மணந்தவன் அச்செல்வத்தையே மணந்தவன் ஆவான். 1826-இல் எட்வர்டு கிப்பன் வேக்பீல்டு என்பவர், பெரும் சொத்துக்கு வாரிசான 15 வயதுப் பள்ளி மாணவியைப் பொய்ச் செய்தி கூறி அழைத்துச் சென்று, ஸ்காட்லாந்தின் எல்லையில் உள்ள கிரெட்னா கிரீன் என்னும் ஊரில் மணந்துகொண்டார். அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி 1827-இல் அம்மணத்தை நீக்கிற்று. பொருளியல் மாணவர்க்கு இப்பெயர் புதிதன்று. குடியேற்ற நாடுகளில் நிலத்தின் விலையை உயர்த்தி வைத்துக் கூலியுழைப்பை உறுதி செய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டைச் சிறையிலிருந்தபோதே எழுதத் தொடங்கியவர் இவரே. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தின் கடைசி அத்தியாயத்தை இவருடைய கோட்பாட்டை ஆராய்வதற்கே ஒதுக்கினார்.

இசைவு தரும் வரிசையும் கருதத்தக்கது. முதலில் தந்தை, அவர் இறந்திருந்தால் காப்பாளர், காப்பாளரும் இல்லையெனில் தாய், அதுவும் அவள் மறுமணம் செய்துகொள்ளாதிருந்தால் மட்டும். தாயோ காப்பாளரோ காரணமின்றி இசைவு மறுத்தால் சான்ஸலரிடம் முறையிடலாம். தந்தை காரணமின்றி மறுத்தாலோ முறையிட இடமில்லை. தந்தை உயிரோடிருக்கையில் தாயின் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. தந்தைக்குப் பின் தாய் காப்பாளர் ஆகலாம் என்ற நிலையே 1886-இல்தான் பிறந்தது. மைனரின் மணத்துக்குப் பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்ற விதி வருவதற்கு 1925 ஆகிவிட்டது.

இத்தனை கண்டிப்பாக எழுதப்பட்ட விதி 1823-இல் தளர்த்தப்பட்டது. இசைவின்றி நடந்த மணங்களை ஆண்டுகள் பல கழித்துச் செல்லாதவை என்று அறிவித்தபோது, பிள்ளைகள் முறையற்ற பிறப்பினராகி நின்றனர். சொத்தைக் காக்க வந்த சட்டம் சொத்து வழக்குகளைப் பெருக்கிற்று. ஆகவே 1823-ஆம் ஆண்டுச் சட்டம் மணம் செல்லும் என்று ஒப்புக்கொண்டு, பொய்யுறுதி கூறி மணந்தவர் அம்மணத்தால் அடையும் சொத்தை மட்டும் இழக்கச் செய்தது. விக்டோரியா காலம் முழுவதும் நிலவியது இவ்வேற்பாடே. 1836-ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை ஒட்டியே அமைந்தது. பதிவாளரிடம் உள்ள அறிவிப்புப் புத்தகத்தில் மணமக்களின் பெயருக்கு எதிரே ‘தடுக்கப்பட்டது’ என்னும் ஒரு சொல்லை எழுதித் தந்தை மணத்தை நிறுத்தலாம். அந்த அறிவிப்புகள் 1856 வரை ஏழையர் நிவாரணக் குழுவின் கூட்டங்களிலும் படிக்கப்பட்டன. சுயமரியாதை உள்ள தொழிலாளி பதிவாளர் அலுவலகத்தை விரும்பாததற்கு இஃதொரு காரணம் எனலாம்.

அரசியின் நிலையை இங்கு ஒரு வரியில் சுட்டலாம். விக்டோரியா 1840 பிப்ரவரியில் மணந்தபோது அவருக்கு வயது 20. தந்தை 1820-லேயே இறந்துவிட்டார். அரச குடும்பத்தார் மணம் புரிய அரசரின் இசைவு வேண்டும் என்று 1772-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறியது. அரசியோ தாமே இசைவளிக்கும் இடத்தில் இருந்தார். அவருடைய குடிமக்களில் அவ்வயதுப் பெண் எவருக்கும் கிட்டாத உரிமை அது.

சட்டத்தை ஏய்ப்பதும் அரிதன்று. ஸ்காட்லாந்தில் பெற்றோரின் இசைவு வேண்டியதில்லை. சாட்சிகள் முன்னிலையில் இருவரும் தாம் கணவன் மனைவி என்று உரைத்தாலே போதும். வேக்பீல்டு சென்ற கிரெட்னா கிரீன் ஓடிப்போவோரின் ஊராகப் பெயர் பெற்றது இதனாலேயே. 1856-இல் புரூஹாம் பிரபுவின் சட்டம், இருவருள் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருத்தல் வேண்டும் என்று விதித்த பின் அவ்வழி குறுகியது. ஆயினும் தொழில் நகரத்தார் ஸ்காட்லாந்து வரை போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. மான்செஸ்டர், இலண்டன் போன்ற நகரங்களில் அடுத்த வட்டாரத்துக் கோயிலில் ஓலை வாசிக்கச் செய்தால் தந்தையின் காதுக்கு எட்டாது. நாட்டுப்புறத்தில் முகமறிந்த நூறு பேர் முன்னிலையில் படிக்கப்பட்டதற்காக வகுத்த முறை, ஆயிரக்கணக்கானோர் முகமறியாது வாழ்ந்த நகரத்தில் வெறும் சடங்காயிற்று.

வயதுக்குச் சான்றும் கிடையாது. பிறப்புப் பதிவு 1837-இல் தொடங்கியது உண்மையே. ஆனால் பதிவு செய்யாத பெற்றோர்க்குத் தண்டம் விதிக்கும் வலுவான விதி 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. மணப் பதிவேட்டில் வயதுக்குரிய கட்டத்தில் பலருக்கு எண்ணே இராது. ‘முழு வயது’ என்ற சொல் மட்டும் இருக்கும். மணமகள் தனக்கு 21 என்றால் 21. மறுத்துக் கேட்கும் கடமை குருவுக்கும் இல்லை, பதிவாளருக்கும் பெரிதாக இல்லை. இங்குப் பயிற்சிக்கு வந்துள்ள அலுவலர்கள் வயதுச் சான்றின் அருமையை அறிவர். வயதை அடிப்படையாகக் கொண்ட சட்டம் எதுவும் பிறப்புப் பதிவேட்டின் வலிமைக்கு மேல் வலிமை பெறுவதில்லை.

சட்டம் 12 வயதில் மணக்கலாம் என்கிறது. இசைவு விதியோ எளிதில் ஏய்க்கத்தக்கது. அங்ஙனமாயின் விக்டோரியா காலத்து இங்கிலாந்து குழந்தை மணங்களால் நிறைந்திருத்தல் வேண்டுமன்றோ? நிலைமை நேர்மாறாக இருந்தது. பெண்கள் முதன்முறை மணக்கும் சராசரி வயது சுமார் 25. ஆண்களுக்கு அதனினும் ஓரிரண்டு ஆண்டு கூடுதல். மணப்பெண்களில் 21 நிரம்பாதவர் ஐந்தில் ஒருவர் அளவில் இருந்தனர். மணமகன்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மணமே செய்துகொள்ளாது வாழ்ந்த பெண்களும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நடந்த மணங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினவே.

காரணம் குடும்பத்தின் பொருளாதார அமைப்பில் உள்ளது. மணம் செய்தால் தனிக் குடித்தனம் என்பது அந்நாட்டு வழக்கம். மருமகள் மாமியார் வீட்டில் ஓர் அறைக்குள் புகுவதன்று. தனி வீட்டு வாடகை, கட்டில், அடுப்பு, பாத்திரம் அனைத்துக்கும் இருவரும் முன்கூட்டியே சேமித்தல் வேண்டும். 1851-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் வீட்டுப் பணியாளர் பத்து இலட்சத்தை ஒட்டி இருந்தனர். அவருள் மிகப் பலர் மணமாகாத இளம் பெண்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் வேலைக்குச் சென்று பத்தாண்டு சேமித்துப் பின்னர் மணப்பது அவர்தம் வழக்கம். தொழில் பழகும் இளைஞனோ பயிற்சிக் காலம் முடியும் வரை மணக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அக்காலம் பெரும்பாலும் 21 வயதில் முடியும். பெண்களுக்குக் கூலி வேலை குறைவாயிருந்த நிலக்கரிச் சுரங்க வட்டாரங்களில் மட்டும் பெண்கள் இளவயதில் மணந்தனர். அங்கும் வேறிடத்தும் சட்டம் ஒன்றே. வேறுபட்டது பெண்ணின் கையில் கூலி இருந்ததா என்பது.

தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் 1839 முதல் நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய வில்லியம் பார் என்னும் புள்ளியியலார், மண விகிதத்தை நாட்டின் செழிப்புக்கு அளவுகோலாகவே கொண்டார். வாணிகம் தழைத்த ஆண்டில் மணங்கள் பெருகின; நலிந்த ஆண்டில் குறைந்தன. மேற்கு ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான இப்போக்கை ஜான் ஹஜ்னல் 1965-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கி, லெனின்கிராடு முதல் டிரீஸ்டே வரை ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு மேற்கே தாமதமான மணம். கிழக்கே இளவயது மணம். மணவயதை உயர்த்தியது சட்டமே என்று கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அவ்வாறாயின் சட்டத்தால் பயனே இல்லையா என்று கேட்கலாம். பயன் தேவைப்பட்டது வேறிடத்தில்: சேமிக்கவோ காத்திருக்கவோ வழியற்ற ஏழைச் சிறுமியிடத்தில். அங்குச் சட்டம் நெடுங்காலம் மௌனமாக இருந்தது. உடலுறவுக்கு இசைவளிக்கும் வயது, அதாவது அக்காலத் தமிழ் ஏடுகள் ‘சம்மத வயது’ என்று குறித்தது, இங்கிலாந்தில் 1875 வரை 12. அவ்வாண்டில் 13 ஆயிற்று. 1885-இல் 16 ஆயிற்று.

இவ்விரு ஆண்டுகளிலும் நடந்த வழக்குகள், சிறுமியைச் சட்டம் எக்கண் கொண்டு நோக்கியது என்பதைக் காட்டும். 1875-இல் பிரின்ஸ் என்பவர் 14 வயதுப் பெண்ணைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக அழைத்துச் சென்றார். பெண் தனக்கு வயது 18 என்றாள். பார்ப்பதற்கும் அவ்வாறே இருந்தாள். அவர் அதை நம்பினார் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பதினாறு நீதிபதிகள் கூடி ஆராய்ந்தனர். பதினைந்து பேர் தண்டனையை உறுதி செய்தனர். சட்டத்தின் வாசகமோ பெண்ணைத் தந்தை அல்லது தாயின் ‘வசத்திலிருந்து’ கொண்டு செல்வதே குற்றம் என்பதாகும். களவு போன பொருளைப் பற்றிப் பேசும் நடையிலேயே அது பேசிற்று.

பத்தாண்டு கழித்து, 1885 ஜூலையில், பால் மால் கெஜட் ஆசிரியர் ஸ்டெட், இலண்டனில் சிறுமிகள் விலைக்கு விற்கப்படுவதைத் தொடர் கட்டுரைகளில் வெளிப்படுத்தினார். அதை மெய்ப்பிக்க இடையாட்களின் வழியே 13 வயதுச் சிறுமி ஒருத்தியை ஐந்து பவுன் விலை பேசித் தாமே வாங்கிக் காட்டினார். அவளுக்குத் தீங்கு ஏதும் செய்யவில்லை. நாடு கொதித்தெழுந்தது, ஒரு மாத அளவில் சம்மத வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் ஸ்டெட் மீதே வழக்குத் தொடரப்பட்டு அவருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவரை வீழ்த்திய குறை என்ன? தாயின் இசைவு கிடைத்திருந்தது என்றே அவர் நம்பியிருந்தார், தந்தையைக் கேட்கவில்லை. சிறுமிகளைக் காக்கும் சட்டத்தைப் பெற்றுத் தந்தவர், தந்தையின் உரிமையை மீறியமைக்காகச் சிறை சென்றார்.

1885-க்குப் பின் ஒரு விந்தை நிலவியது. பதினாறு வயது நிரம்பாப் பெண் இசைவளிக்கத் தகுதியற்றவள். ஆனால் பன்னிரண்டு வயதில் மனைவியாகத் தகுதியுள்ளவள். இம்முரண்பாடு 44 ஆண்டுகள் நீடித்து, 1929 மே மாதச் சட்டத்தால்தான் நீங்கிற்று. இருபாலாருக்கும் மணவயது 16 என்றும், அதற்கு முந்திய மணம் செல்லாது என்றும் அச்சட்டம் கூறியது. இந்தியாவின் குழந்தை மணங்களைக் கடிந்து மேயோ அம்மையார் எழுதிய நூல் 1927-இல் வெளிவந்தபோது, ஆங்கிலப் பெண்ணின் சட்டப்படியான மணவயது இன்னும் 12-ஆகவே இருந்தது என்பதை அந்நூலைப் படித்தவருள் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ!

இவ்விங்கிலாந்துச் சட்டங்கள் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தன. 1872-இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. தனித் திருமணச் சட்டம் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 என்று வயது வகுத்து, 21 நிரம்பாதவர்க்குத் தந்தை அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும் என்றது. கிறித்தவத் திருமணச் சட்டமும் 21 நிரம்பாதவரை மைனர் என்றே கொண்டது. அங்கே பிள்ளைகள் விரைந்து மணந்துவிடாமல் தடுப்பதற்காகத் தந்தைக்குத் தரப்பட்ட அதிகாரம், தந்தையே மகளை எட்டு, பத்து வயதில் மணமுடித்துவைக்கும் சமுதாயத்தில் என்ன பயன் தரும் என்பதைச் சட்டம் இயற்றியோர் ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை. இங்குத் தந்தையின் இசைவுக்குக் குறைவே இல்லை. இல்லாதது பெண்ணின் இசைவு.

ரக்மாபாய் வழக்கில் இது வெட்டவெளிச்சமாயிற்று. பதினொரு வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட அவர், வளர்ந்த பின் கணவருடன் வாழ மறுத்தார். கணவர் 1884-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சேர்ந்து வாழும் உரிமையை மீட்கும் இவ்வழக்கு இந்து தருமத்திலிருந்து வந்ததன்று. இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து இறக்குமதியானது. நீதிபதி பின்ஹே 1885-இல் வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டுக்குப் பின் 1887-இல், கணவரிடம் செல்க, இன்றேல் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறைக்கே செல்வேன் என்றார் ரக்மாபாய். இங்கிலாந்திலோ, அத்தகைய தீர்ப்புக்குக் கீழ்ப்படியாதவரைச் சிறையிடும் முறை, வழக்குத் தொடுக்கப்பட்ட அதே 1884-இல் நீக்கப்பட்டுவிட்டது. முடிவில் 1888-இல் கணவர் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டார். ரக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் பணியாற்றினார்.

கல்கத்தாவில், பத்து வயதைச் சற்றே கடந்த மனைவி ஒருத்தி கணவனால் உயிரிழந்தபோது, சம்மத வயது 10 ஆக இருந்தமையால் அவனுக்குச் சிறு குற்றத்துக்குரிய ஓராண்டுத் தண்டனையே கிடைத்தது. அதன் பின் 1891-இல் சம்மத வயது 12 ஆயிற்று. சாரதா சட்டம் எனப்படும் குழந்தை மணத் தடைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டம் வந்த அதே 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது வகுத்தது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் வயதுக்கு முந்திய மணம் செல்லாது. இந்தியாவில் நடத்தியவர்க்குத் தண்டனை, மணமோ செல்லும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பெண்ணுக்கு 15 என்று வயது வைத்து, 18 வரை காப்பாளர் இசைவையும் கேட்டது. 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தபோது அந்த இசைவு விதியும் நீக்கப்பட்டது.

அவ்வாண்டு முதல் இவ்வயது வரம்பு மாறவில்லை. இருபது முதல் இருபத்துநான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானவர், தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005-06-இல் 47 விழுக்காடு. 2019-21-இல் 23 விழுக்காடு. இவ்விரு ஆய்வுகளுக்கிடையே 2006-ஆம் ஆண்டின் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் வந்தது. பெண்கள் பள்ளியில் தங்கும் ஆண்டுகளும் பெருகின. எதனால் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். விக்டோரியா காலத்து வீட்டுப் பணிப்பெண்ணின் சேமிப்பை நினைவிற்கொள்வோர் இரண்டாவதன் பக்கமே சாய்வர். பெண்ணின் மணவயதையும் 21 ஆக்க 2021-இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

இங்கிலாந்தில் முழு வயது 1970 முதல் 18 ஆகக் குறைந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2023 பிப்ரவரி 27 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணவயதை 18 ஆக உயர்த்தி, பதினாறு, பதினேழு வயதினருக்குப் பெற்றோர் இசைவு தந்து மணமுடிக்கும் வழியை அடைத்தது. பெற்றோரின் இசைவே சில சிறுமியர்க்குக் கட்டாயமாகிவிடுகிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆக, ஹார்ட்விக் பிரபுவின் விதி பிறந்த மண்ணில் இன்று அதற்கு வேலையில்லை. இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்திலோ அது இன்றும் ஏட்டில் உள்ளது. அதன்படி 21 நிரம்பாதவர் மைனர். தந்தை உயிரோடிருந்தால் தந்தையின் இசைவு, அவர் இல்லையேல் காப்பாளரின் இசைவு, அவரும் இல்லையேல் தாயின் இசைவு. வாக்களிக்கவும் சொத்து வாங்கவும் உரிமை பெற்ற பத்தொன்பது வயதுப் பெண், அச்சட்டத்தின் கீழ் மணம் புரியப் பதிவாளர் முன் நிற்கும்போது, 1753-இல் எழுதப்பட்ட அதே வரிசையில் யார் உயிரோடிருக்கிறார் என்றுதான் அவளிடம் கேட்கப்படும்.